அரிசி வாளிக்குள் ஒளித்த நீல வயர்

கெலிஓயா
28.09.2008

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

நீயும் மருமகனும் பிறந்த குஞ்சும் அந்த நோர்வேக் குளிரில் நோய்நொடியில்லாமல் இருக்க முருகனை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதலாம், ஆனால் நீ நம்பமாட்டாய். போன் எடுக்கும்போதெல்லாம் ஏன் கம்ப்யூட்டரில் வருகிறீர்கள் இல்லை, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசையில்லையா என்று கேட்கிறாய். அடி விசரி, ஆசையில்லாமலா? போனில் இதைக் கதைக்க அப்பா விடவில்லை. மேல்வீட்டு ரபீகாவின் தம்பி கட்டாருக்குப் போகிறார், அங்கிருந்து தபாலில் போடுவார் என்றபடியால் விபரமாக எழுதுகிறேன். வாசித்துவிட்டு அழாதே, பால் கொடுக்கிற உடம்பு.

நாங்கள் இருப்பது பளீல் வீட்டுக் கீழ்த்தட்டில், இன்டர்நெட் லைன் மேலே அவர் பெயரில். எங்கள் பெயரில் எடுத்தால் ஆயிரம் கேள்வி வரும் என்று அப்பா பயந்தபோது பளீல்தான், ஒரு லைன்ல ரெண்டு கம்ப்யூட்டர் ஓடும் மாஸ்டர், ஏன் யோசிக்கிறீங்க என்று சொல்லி, தன் மேசையில் இருந்த ரவுட்டர் பெட்டியிலிருந்து ஒரு நீல வயரை ஜன்னலால் எங்கள் அறைக்கு இறக்கிவிட்டார். இரண்டு வீடும் ஒரே நேரத்தில் பாவித்தால் உன் முகம் அசையாமல் நின்றுவிடும். நான் தும்புத்தடியால் சீலிங்கில் இரண்டு தட்டுத் தட்டுவேன், மேலே பளீலின் மனைவி ரபீகா தான் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பதிலுக்குத் தட்டுவாள், உன் வாய் மறுபடி அசையும். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நோன்பு தொடங்கிய கிழமை எங்கள் ரோட்டில் சோதனை வந்தது. எங்கோ குண்டு வெடித்தால் இங்கே தமிழ் வீடுகளைத் தட்டுவது உனக்குப் புதிதில்லையே. சந்தியில் ஜீப் நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் உன் அப்பா செய்த வேலையைக் கேள். வயரைக் கழற்றி, ஜன்னலால் இழுத்து எடுத்து, சுருட்டி, அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டார்! எண்பத்து மூன்று கலவரத்தில் என் தாலிக்கொடியையும் உன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் அப்படித்தான் அரிசிக்குள் புதைத்துக் காப்பாற்றினார், அன்றைக்குக் கதவை உடைத்து வந்தவர்கள் அரிசியைத் தொடவில்லை. அதே கை அதே இடத்துக்குப் போயிருக்கிறது. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. வந்தவர்கள் அரிசியை நிலத்தில் கொட்டினார்கள். சுவரில் தொங்கியிருந்தால் அது வயர், அரிசிக்குள் இருந்தால் என்னவென்று நீயே சொல். ஏன் ஒளித்தாய் என்ற ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஆயுள் முழுக்கச் சிங்களத்தில் கதைத்த மனிசனுக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. அவரையும் வயரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெங்காயக் கையோடு வாசலில் நின்று நான் கத்தின கத்தல் கம்பளை ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

ரபீகா பளீலின் கடைக்குப் போன் பண்ண, அவர் ஓடிவந்து அந்த ரவுட்டர் பெட்டியையே கழற்றித் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனார். வயர் நுனியை அதில் செருகிக் காட்டி, இது என் லைன், என் வயர், இவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தாராம். பாவம், அன்றைக்கு அவர் நோன்பு திறந்தது பொலிஸ் முற்றத்துக் குழாய்த் தண்ணீரில். பிறகுதான் அப்பாவைக் கூட்டிவந்தார். அங்கே என்ன நடந்தது, அடித்தார்களா என்று இன்றுவரை அப்பா சொல்லவில்லை, நானும் கேட்டுக் களைத்துவிட்டேன். கம்ப்யூட்டரை விரிப்பால் மூடிவிட்டார். எங்களாலை அந்த மனிசன்ரை பேரும் பொலிசிலை ஏறிப்போச்சு, இனி அந்த வயர் இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது, இதுதான் அவர் பேச்சு. மேல வந்து பாருங்க அன்டி என்று ரபீகா கூப்பிடுகிறாள், அதற்கும் அவர் சம்மதமில்லை. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் ஏறிப்போய் எங்கள் பேரனை முதலில் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை. களைப்பாக இருக்கிறது பிள்ளை. எதற்கெடுத்தாலும் பயந்து பயந்தே வயது போய்விட்டது.

நேற்றுப் பின்னேரம் பளீல் சுத்தியலும் ஆணியுமாக வந்தார். இந்த முறை ஜன்னலால் இல்லை, ரோட்டைப் பார்த்த முன்சுவரில், போகிற வருகிற எல்லோருக்கும் தெரிய, அந்த நீல வயரை அடித்து இறக்கினார். ஒளிச்சாத்தானே மாஸ்டர் கேப்பாங்க, ஊரே பாக்கட்டும் என்றார். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்று விடிய முற்றம் கூட்டத் தும்புத்தடியைத் தேடினால் காணவில்லை. உள்ளே டொக் டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் விரிப்பு நிலத்தில் கிடக்கிறது, அப்பா அண்ணாந்து நின்று சீலிங்கில் தட்டுகிறார். மேலே ரபீகா பதிலுக்குத் தட்டினாள். நோர்வேயிலை இப்ப என்ன நேரம் என்று கேட்டார். அங்கே இன்னும் விடியவில்லை என்றேன். போன் எடுத்து எழுப்பட்டுமா என்றதற்கு, வேண்டாம், பிள்ளை நித்திரை கொள்ளட்டும் என்று கதிரையை இழுத்துப்போட்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்துவிட்டார். இதை எழுதி முடிக்கிறேன், அவர் இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இது உன் கைக்குக் கிடைக்குமுன் அவர் உங்களைக் கண்டிருப்பார். பொலிசைப் பற்றி ஒருநாளும் அவரிடம் கேட்காதே, பேரனைக் கிட்டப் பிடித்துக் காட்டு, அவருக்கு அது காணும். சரக்குத்தூள் தனியாக அனுப்புகிறேன், கறி வைத்துச் சாப்பிடு. மருமகனுக்கும் குஞ்சுக்கும் எங்கள் இருவரின் ஆசியும் முத்தமும்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா கமலாசனி