வரலட்சுமி செய்த கம்ப்யூட்டர்

வால்பாறை
11.6.1996

அன்புள்ள வரலட்சுமிக்கு,

உன் சளி விட்டதா? அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே மழை பிடித்துக்கொண்டுவிட்டது. சட்டை காய மூன்று நாள் ஆகிறது.

நீ அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டரை நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்து சேர்த்தேன். நேற்று எஸ்டேட் ஆபீசில் நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டோம். மானேஜரே வந்து ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் சுற்றுகிறது. மூன்று தடவை ‘பீப்’ என்கிறது. அவ்வளவுதான், திரை கறுப்பாகவே நிற்கிறது. “என்ன கண்ணையா, பெட்டி கத்துது, படத்தைக் காணோமே” என்றார் மானேஜர். ஆபீசே சிரித்தது. ஹெட் கிளார்க் பொங்கியண்ணன், “ஏனுங்க, இதை ஆருங்க பண்ணுனது?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். “ஊட்டுக்காரி பண்ணுனதுங்க, இப்பத்தான் கத்துக்கிட்டு இருக்கறா” என்று சொல்லிவிட்டேன்.

நன்றாக ஓடின பிறகு உன் பேரைச் சொல்வதாகத்தான் நம் ஏற்பாடு. அவமானத்தில் வாயில் வந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. இது ஓடினால் மற்ற நாலு எஸ்டேட்டுக்கும் கம்ப்யூட்டர், செய்தவருக்கே இங்கே வேலை, குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் என்று மானேஜர் சொன்னது நினைவிருக்கிறது அல்லவா? கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. நான் இன்னும் இரண்டு கிளார்க்குகளோடு ஒரே அறையில் கிடக்கிறேன், நீ அம்மா வீட்டில் இருக்கிறாய். ஏதாவது வழி சொல்.

உன்,
கண்ணையா

பீளமேடு
14.6.1996

அன்புள்ள பாவாவுக்கு,

சளி விட்டுவிட்டது. கோபம்தான் விடவில்லை. கத்துக்கிட்டு இருக்கறேனா? ரசாக் பாய் கடையில் பாகங்கள் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பதினொரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருக்கிறேன். பாய் முடுக்க மறந்த திருகாணியை நான் எடுத்துக் காட்டியிருக்கிறேன். உங்களுக்குக் கொடுத்ததை இரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். சரி, இதை நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மூன்று பீப் என்றால் மெமரி கார்டு. சீப்பு மாதிரி பல் வைத்த ஒரு சின்னப் பச்சைப் பட்டை அது. வளைவுகளில் குலுங்கிக் கழன்றிருக்கலாம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்து, பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டுவிட்டு, கார்டைச் சாய்த்து எடுங்கள். பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்து, திரும்பச் செருகி நிமிர்த்துங்கள். இரண்டு பக்கமும் ‘க்ளிக்’ என்று பிடிக்க வேண்டும். பயப்படாதீர்கள், கடிக்காது.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். நான் மூடின பிறகு யாராவது பெட்டியைத் திறந்தார்களா?

சட்டைகளை இஸ்திரி போட்டு உலர்த்துங்கள். ஈரத்தோடு போட்டுக்கொண்டு எனக்கு வந்த சளியை நீங்களும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

வரலட்சுமி

வால்பாறை
18.6.1996

அன்புள்ள வரலட்சுமிக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். க்ளிக் என்றும் பிடித்தது. ஸ்விட்சைப் போட்டால் அதே மூன்று பீப்.

யாரும் திறக்கவில்லை. ஆனால் கார்டின் பற்களில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நீ சமையல் கையோடு தொட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். இந்த மாதிரி வேலையில் கொஞ்சம் கவனம் வேண்டாமா?

மானேஜர் மாதக் கடைசி வரைக்கும்தான் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் ஓடாவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதப் போகிறாராம். பொங்கியண்ணன் தினமும் காலையில் வந்து, “பொட்டி எந்திரிச்சுருச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணையா

பீளமேடு
21.6.1996

அன்புள்ள பாவாவுக்கு,

பெண் கை பட்டால் மஞ்சள்தான் ஒட்டுமா? அதை மோந்து பாருங்கள். சந்தனம்.

உங்களை எனக்குத் தெரியாதா? புது மிக்ஸி வாங்கினபோது மோட்டாருக்குள் விரலை விட்டுப் பொட்டு வைத்தவர்தானே நீங்கள்? பூஜையன்று மூடியைத் திறந்து உள்ளேயும் பொட்டு வைத்திருக்கிறீர்கள். குழைத்த சந்தனம் கார்டு வழியாக வழிந்து அது செருகும் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். சாமிக்குச் செய்ததில் எனக்குக் கோபமில்லை. யாரும் திறக்கவில்லை என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு அரை நாள் நான் என்னையே சந்தேகப்பட்டேன். கையைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் வலிக்கிறது.

இனி செய்ய வேண்டியது இதுதான். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கொஞ்சம் ஸ்பிரிட் கேளுங்கள். புது டூத் பிரஷை அதில் லேசாக நனைத்துப் பள்ளத்தையும் கார்டையும் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள். பிறகு பக்கத்திலிருக்கும் காலிப் பள்ளத்தில் செருகிப் பாருங்கள்.

ஓடும். ஓடியதும் மானேஜரிடம் என் பேரைச் சொல்லுங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

வரலட்சுமி

வால்பாறை
28.6.1996

என் வரலட்சுமிக்கு,

ஓடிவிட்டது! முந்நூறு தொழிலாளர்களின் பேரும் திரையில் வரிசையாக வந்து நின்றன. பொங்கியண்ணன் தன் பேரும் அதில் வருமா என்று கேட்டுத் தேடச் சொல்லிப் பார்த்தார். நீ சொன்னது சரி, சந்தனம்தான். சொல்ல வெட்கமாக இருந்தது. மன்னித்துவிடு.

மானேஜர் என் தோளில் தட்டினார். “ஆரு சரி பண்ணுனது? உங்க மிஸஸா?” என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பெண்பிள்ளை செய்தது என்று தெரிந்தால் மற்ற நாலையும் கொடுக்கமாட்டார் என்று பட்டது. “இல்லீங்க சார், கோயமுத்தூர் ரசாக் பாய். மொதல்ல இருந்து அவருதான் பண்ணுனாருங்க, ஊட்டுக்காரி சும்மா கூட இருந்தா” என்று சொல்லிவிட்டேன். பாய்க்கே நேராக ஆர்டர் அனுப்பிவிட்டார். எனக்குக் கம்ப்யூட்டர் செக்‌ஷனையும் ஒரு குவார்ட்டர்ஸையும் கொடுத்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் தேயிலைதான்.

நீ பாயிடம் பேசிவைத்துக்கொள். அந்த நாலையும் அவர் பேரிலேயே செய்து அனுப்பிவிட்டு, ஆடி பிறப்பதற்குள் குடி வந்துவிடு. வந்த பிறகு நீ வேலைக்கென்று அலைய வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். சேர்ந்து இருக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தோம்? காரியம் நடந்தால் சரி, யார் பேரில் நடந்தால் என்ன?

பாத்திரங்கள் மட்டும் கொண்டு வா. கட்டில் இங்கே இருக்கிறது.

உன்,
கண்ணையா

பீளமேடு
13.7.1996

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை கிழித்துப் போட்டேன். அழுதேன். அம்மாவிடம் தலைவலி என்று சொன்னேன்.

நாலாம் தேதி ரசாக் பாய் வீடு தேடி வந்தார். கையில் மானேஜர் எழுதிய கடிதம். வாசலிலேயே நின்றுகொண்டு, “அம்மணி, நாந் தொடாத பொட்டிக்கு எனக்கு நன்றி சொல்லியிருக்கறாங்க. இது உங்களுக்கு வந்த கடுதாசிங்க, வாங்கிக்கோங்க” என்றார். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கடை வைத்திருக்கும் மனிதர். நாலு ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.

மானேஜருக்கு நானே எழுதினேன். எந்தப் பாகத்தை எங்கே பொருத்தினேன், மூன்று பீப்புக்கு என்ன செய்யச் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் எழுதி, அடியில் பாயிடம் கையெழுத்தும் வாங்கினேன். சந்தனத்தைப் பற்றி எழுதவில்லை. நீங்கள் பொய் சொன்னதாகவும் எழுதவில்லை. அவர் பதில் போட்டுவிட்டார். நாலும் எனக்குத்தான், வேலையும் எனக்குத்தான். உங்களைச் சிரிப்பால் பயமுறுத்திய அதே மனிதர், என் கடிதத்துக்கு இரண்டு பக்கம் சந்தேகம் கேட்டு எழுதியிருக்கிறார்.

ஓடாதபோது அது என் பெட்டி. ஓடினபோது வேறொருவர் பெட்டி. நீங்கள் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் மேல் பிரியமும் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் சிரிக்கத்தான் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் என்னை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பீர்களோ என்று பயந்துகொண்டு என்னால் குடித்தனம் நடத்த முடியாது.

இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஆடி பிறந்துவிட்டிருக்கும். குடி வரத்தானே ஆடி ஆகாது, வேலைக்கு வரலாம். பாத்திரம் எதுவும் கொண்டுவரவில்லை. எஸ்டேட் கெஸ்ட் ஹவுஸில் எனக்கு ஒரு அறை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன், மானேஜரும் சரி என்றுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வர வேண்டாம். ஆபீசில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே யாராவது இது ஆருங்க என்று உங்களைக் கேட்டால், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

வரலட்சுமி