பெட்டிக்குள் மினுங்கிய பொடி

என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பொடிதான். ஒரு சின்ன ஃபேனின் இறக்கைகளில் படிந்திருந்தது. தொட்டேன், விரல் நுனி வெள்ளியாக மினுங்கியது. துப்பட்டாவில் துடைத்தும் போகவில்லை. உங்கள் சட்டைக் காலரில், காதுமடலுக்குப் பின்னால், நீங்கள் சாப்பிட்ட தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அதே அலுமினியப் பொடி.

ஆனால் நான் அதைப் பார்த்த இடம் பட்டாசுக் கம்பெனி இல்லை, அப்பா. சிவகாசியில் ஓர் அச்சகம். நீங்கள் போன பிறகு பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு இங்கே சேர்ந்தேன். ஸ்டிக்கர் பிரிவு. வெட்டி வரும் தாளில் லேபிள் போக மீதியை உரித்தெடுப்பது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்த வேலை.

டிசைன் செய்யும் ஜெயா அக்காவின் கம்ப்யூட்டருக்குப் புது எஸ்.எம்.பி.எஸ். போட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. மூன்றாம் நாளே ‘டப்’ என்று நின்றுவிட்டது. அக்கா அதைக் கழற்றும்போது நான் டார்ச் பிடித்தேன். அப்போதுதான் அதற்குள் இருந்த ஃபேனில் அந்தப் பொடியைப் பார்த்தேன்.

பெட்டியின் லேபிளில் வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பெயர், ஐநூறு வாட்ஸ், அரசு முத்திரை, அதன் கீழே ஓர் எண். அக்கா அந்த எண்ணைப் போனில் அரசாங்க ஆப்பில் போட்டுப் பார்த்தார். வேறொரு கம்பெனியின் செல்போன் சார்ஜருக்குக் கொடுத்த எண் என்று வந்தது.

“ஏ புள்ள, அப்ப இத யாருதான் செஞ்சது? சீனாக்காரனா, சிவகாசிக்காரனா?” என்று அக்கா சிரித்தார்.

நான் லேபிளின் மூலையை நகத்தால் நெம்பினேன். நாள் முழுக்க ஸ்டிக்கர் உரிக்கிறவளுக்கு, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியிருந்தால் விரலிலேயே தெரிந்துவிடும். அடியில் இன்னொரு கம்பெனியின் லேபிள், மஞ்சளடித்துக் கிடந்தது. புதுசே இல்லை. எங்கோ ஓடித் தேய்ந்த பெட்டியை யாரோ துடைத்து, வேறு பெயர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

உரித்த லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது மேல் மூலையில் அரிசி முனை அளவுக்கு ஒரு பிசிறு. எங்கள் வெட்டும் மெஷினில் பிளேடு அந்த இடத்தில் மழுங்கிப்போயிருக்கிறது. அதில் வெட்டுகிற ஒவ்வொரு லேபிளிலும் அந்தப் பிசிறு விழும். அப்பா, அந்த லேபிளை உரித்து அடுக்கியதே நான்தான்.

அக்கா ஆர்டர் சீட்டுகளைப் புரட்டி அதைக் கண்டுபிடித்தார். டிசைனையும் வாங்கியவரே கொண்டுவந்திருக்கிறார். டெலிவரி, தாயில்பட்டி ரோடு. வாங்கிப் போனவர், செல்லையா.

செல்லையா மாமாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தினமும் காலையில் வேனில் வந்து ஹாரன் அடித்து உங்களைக் கூட்டிப்போனவர். பட்டாசு லைசென்ஸ் ஒருவர் பேரில். அறைகளைக் குத்தகைக்கு எடுத்தது மாமா. பட்டாசுப் பெட்டியில் ஒட்டியது வேறொரு பெரிய கம்பெனியின் லேபிள். உங்கள் அறை வெடித்தபோது, அந்த ஆள் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை என்று பெரிய கம்பெனி சொல்லிவிட்டது.

விசாரிக்க வந்த அதிகாரியம்மா என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கேட்டார். “ஒங்கப்பாவ வேலைக்கு யாரு கூட்டிட்டுப் போவாகத்தா?”

எனக்குத் தெரியும். ஆனால் அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள். உங்கள் காரியத்துக்கு அரிசி மூட்டை இறக்கியவர் மாமாதான். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு துண்டுத் தாளில் தன் போன் நம்பரை எழுதி என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று இருக்கிறது. ஆறு மாதமாக அம்மாவும் செல்லையா மாமாவிடம்தான் வேலைக்குப் போகிறாள். சாத்தூர்ப் பக்கம் என்றாள். பட்டாசு இல்லை, கம்ப்யூட்டர் சாமான் என்றாள். நானும் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே கைகால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஏன் என்று ஒருநாளாவது கேட்டேனா?

லேபிளைப் பார்த்த அன்று அம்மா கால் நீட்டி உட்கார்ந்ததும் குதிகாலைப் பார்த்தேன். வெடிப்புகளுக்குள் மினுங்கியது.

கேட்டதும் மறைக்கவில்லை. பழைய பெட்டிகளைத் துடைத்து, லேபிள் ஒட்டி, ஒவ்வொன்றையும் கரண்டில் சொருகிப் பார்ப்பார்களாம். ஃபேன் சுற்றினால் நல்ல பெட்டி. சிலது பொறி தட்டி ‘டப்’ என்னுமாம். எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்களாம். பக்கத்து அறையில் தீபாவளி ஆர்டருக்கு வெடிமருந்து கலக்கிறார்கள். அதிகாரிகள் சீல் வைத்தது முன்கதவுக்குத்தான், பின்பக்கம் வழி இருக்கிறது. ஆமாம் அப்பா, சாத்தூர் இல்லை, தாயில்பட்டி ரோட்டில் நீங்கள் வேலை பார்த்த அதே இடம்.

“நடுவுல செவுரு இருக்குத்தா,” என்றாள் அம்மா.

“அப்பா ரூமுக்கும் செவுரு இருந்துச்சும்மா.”

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். “எட்டுப் பொம்பளைக இருக்கோம். அத மூடிட்டா நாங்க எங்கன போறது?”

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?

இன்று காலை வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன். பொய்தான். அம்மா போகாமல் நின்றுவிட்டாள். செல்லையா மாமா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “என்னத்தா மாரி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுற புள்ள மாதிரில்ல படுத்துருக்க,” என்று சிரித்தார். அம்மாவிடம், பிள்ளைக்கு ஓமத்தண்ணி கொடு என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் மாதிரியே இல்லை அப்பா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மற்ற ஏழு பேரும் வேனில் இருந்தார்கள். வாசலுக்கு வந்து பார்த்தேன். கடைசி சீட்டிலிருந்து எதிர்வீட்டுச் சித்தி எனக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன். வேன் திரும்பி மறைந்த பிறகுதான் உறைத்தது, நான் நிறுத்தியது அம்மாவை மட்டும்தான், அதுவும் இன்று ஒருநாளைக்குத்தான். காலையிலேயே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. நீங்கள் போன அன்றும் இப்படித்தான் அடித்தது.

இருக்கன்குடி அம்மன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா. இனி யார் கேட்டாலும் தரையைப் பார்க்க மாட்டேன்.

உங்கள் போட்டோவின் பின்னால் செருகி வைத்திருந்த துண்டுத் தாளை எடுத்தேன். அம்மா அடுப்படியில் ஓமம் வறுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போனிலிருந்து அந்த நம்பரைப் போட்டேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொன்னேன். பிறகு செல்லையா மாமாவின் பெயரையும் சொன்னேன்.

உங்கள் மகள்
மாரீஸ்வரி