ஸ்கோப்பின் மூடி

வியாழன், இரவு

இன்று நான் வேலை பார்க்கும் வேட்டைச் சாமான் கடைக்கு என் வயதில் ஓர் அரபிப் பெண் வந்தாள். சனிக்கிழமை ஷார்ஜாவில் துப்பாக்கி சுடும் போட்டியாம். துப்பாக்கிமேல் பொருத்திக் குறி பார்க்கும் ஸ்கோப்புகளில் இரண்டு கம்பெனியுடையதை எடுத்து வைத்தேன். "நீயா இருந்தா எதை வாங்குவே?" என்று கேட்டாள்.

நான் எதிலும் கண் வைத்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டின் முதல் டிகிரிக்காரி. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருவதேயில்லை. பெரியதைக் கண்ணில் வைத்தேன். இருட்டாக இருந்தது. அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து, "ரொம்பத் தெளிவா இருக்கு மேடம்" என்றேன்.

அவள் கை நீட்டி முன்பக்க மூடியைக் கழற்றினாள். சிரிக்கவில்லை. பில் போட்ட ரஹீம் பாய்தான், "இருட்டுலயும் தெளிவாத் தெரியுதே, நல்ல கண்ணும்மா ஒனக்கு" என்றார்.

அவள் அதையே வாங்கிப் போனாள், என் முகம் வாடக் கூடாதென்று. இரண்டில் எது நல்லதென்று எனக்கு இன்னும் தெரியாது. சனிக்கிழமை அவள் குறி தவறினால், அது என் பொய்யால்தான்.