நெஞ்சுக்கறி நாட்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம், அத்தான் போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறார். அதனால் நீ சொன்னபடி எழுதுகிறேன். எழுதும்போது அழுதால் தாள்தான் நனையும், யாரும் திட்டமாட்டார்கள்.

ரத்தம் பொருந்திவிட்டது. என் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து உனக்கு வைக்கலாம். இந்தச் செய்தியைச் சொன்ன வாயோடு டாக்டர் என் ஸ்கேன் படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "லிவர் முழுக்கக் கொழுப்பு படிஞ்சிருக்கு. இதை இப்படியே வெட்டி வச்சா உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் ஆபத்து. கரைச்சிட்டு வாங்க" என்றார்.

"எவ்வளவு நாள்ல டாக்டர்?"

"மூணு மாசம், மிஞ்சினா நாலு. அதுக்கு மேல உங்க அக்கா தாங்கமாட்டாங்க."

நாள் முழுக்க கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து, கையை மட்டும் ஆட்டிச் சம்பாதித்த தொப்பை இது. எண்ணெய் கூடாது, இனிப்பு கூடாது, பொரித்தது கூடாது என்று உணவு ஆலோசகர் அம்மா சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் மிஞ்சியது காய்கறியும் கோழியின் நெஞ்சுக்கறியும்தான்.

நேற்று அதை வேகவைத்து எடுத்துப் போனேன். செருப்பின் அடிப்பாகத்தை உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி இருந்தது. கீழேயிருந்து சிக்னல் கொடுப்பவர் வாக்கிடாக்கியில், "அண்ணே, லோடு தயார். அண்ணே, கேட்குதா?" என்று கத்துகிறார். எனக்குப் பதில் சொல்ல வழியில்லை. வாயில் இருப்பதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசு வரவில்லை. உன் உயிர் சம்பந்தப்பட்ட கறி அல்லவா.

இதுவரை நான் ஆரம்பித்த எந்தப் பத்தியமும் ஒரு வாரம் தாண்டியதில்லை, உனக்கே தெரியும். ருசி இல்லாவிட்டால் இதிலும் தோற்றுவிடுவேன். இந்தக் கறியை எப்படி மனுஷன் சாப்பிடுகிற மாதிரி ஆக்குவது? உடனே எழுது.

உன் தம்பி,
உருண்டை

*

ஜனவரி 14

என் செல்ல உருண்டைக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் வயிறு வலித்தது. வயிற்றில் நீர் கட்டியிருப்பதால் சிரிப்பதும் ஒரு வேலையாகிவிட்டது. பரவாயில்லை, நல்ல வேலை.

உன் அத்தான் எனக்கு உப்பில்லாத கஞ்சியை ஸ்பூனால் ஊட்டுகிறார். நாக்கில் எதுவுமே ஏறுவதில்லை. ஆனால் சமையல் என்றதும் கை பரபரக்கிறது. தையல் மெஷினைத் தொட்டுப் பல வாரமாயிற்று. இனி உன் அடுப்பில்தான் என் தொழில்.

முதல் தப்பு, அதைத் தண்ணீரில் போட்டது. அந்தக் கறியில் கொழுப்பே இல்லை. இருப்பது கொஞ்சம் சாறு. அதையும் நீ கொதிக்கவைத்து வெளியே அனுப்பிவிட்டாய். ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் இருக்கும் பார், அதை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தட்டு. எல்லாப் பக்கமும் ஒரே கனம் ஆகட்டும். கோபம் யார் மேலாவது இருந்தால் அதில் காட்டு.

பிறகு கொழுப்பெடுத்த தயிர், நசுக்கிய பூண்டு, மிளகு, சிட்டிகை உப்பு எல்லாம் பிசறி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வை. காலையில் தோசைக்கல் நன்றாகக் காயட்டும். எண்ணெயை விரலால் தடவினால் போதும். கறியைப் போட்டுவிட்டுச் சும்மா இரு. குத்திப் பார்க்காதே, அமுக்காதே. ஒரு பக்கம் சிவந்ததும் ஒரே ஒருமுறை திருப்பு. உள்ளே ரோஸ் நிறம் போய், வடிகிற சாறு தெளிவானவுடன் இறக்கிவிடு. இன்னும் ஒரு நிமிஷம் என்று ஆசைப்பட்டால் செருப்புதான்.

இறக்கியதும் வெட்டாதே, சற்று ஆறட்டும். வெட்டும்போது துணியை நினைத்துக்கொள். துணிக்கு நூல் ஓடுகிற திசை உண்டல்லவா, கறிக்கும் உண்டு. உற்றுப் பார்த்தால் தெரியும். அந்த நாருக்குக் குறுக்காக வெட்டு, பல்லுக்கு வேலை குறையும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழி.

எல்லாம் சரி, நீ ஏன் சமைக்கிறாய்? உன் வீட்டுக்காரிக்கு மருந்துக்கடையில் வேலை அதிகமா?

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 2

அன்பு அக்கா,

சாறு வந்தது. முதல் கடியிலேயே சாறு வந்தது. கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, "ஆகா, ஆகா" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். வாக்கிடாக்கியின் பொத்தானில் முழங்கை பட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கீழே மொத்தக் கட்டடமும் கேட்டிருக்கிறது. "அண்ணே, மேல யாராவது கூட இருக்காங்களா?" என்கிறார் சிக்னல்காரர். "கோழி இருக்குப்பா" என்றேன். மறுநாள் அவருக்கும் ஒரு டப்பா கொண்டுபோனேன். தின்றுவிட்டு விரலைச் சப்பினார். இப்போது அவரும் சாப்பாட்டு நேரத்தில் என் கிரேன் அடியில்தான் காத்திருக்கிறார்.

எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கல் காயும்போதும் யோசிக்கிறேன், லோடு தூக்கும்போதும் யோசிக்கிறேன். சீரகத்தை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துத் தூவினேன், தனி வாசனை. சிவப்புக் குடைமிளகாயை நெருப்பில் கருகச் சுட்டு, தோலுரித்து, பூண்டோடு அரைத்து மேலே பூசினேன். பார்த்தால் வெண்ணெய் போட்ட குழம்பு மாதிரி மினுங்குகிறது, ஆனால் எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. வெங்காயத்தை மெல்லிய தீயில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வதக்கினால் அதுவே இனிப்பாகிவிடுகிறது. சர்க்கரைக்கு ஏங்கிய நாக்கை அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறேன். புதினாவும் தயிரும் அரைத்தது இன்னொரு நாள். ஒரே கறி, ஆனால் எந்த நாளும் நேற்றைய ருசி இல்லை.

பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். கிரேன் ஏணியில் பாதி வழியில் மூச்சு வாங்க நிற்பேனே, இப்போது நிற்பதில்லை.

அவளுக்கு வேலை அதிகம்தான். அவளுக்கு வேண்டியதை அவள் தனியாகச் சமைத்துக்கொள்கிறாள். எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

உன் கண் மஞ்சள் எப்படி இருக்கிறது?

உன் தம்பி

*

பிப்ரவரி 19

என் சமையல்காரருக்கு,

உன் கடிதத்தை அத்தான் வாசிக்க, நான் கண்ணை மூடிக் கேட்டேன். குடைமிளகாய் சுட்ட இடம் வந்ததும் "திரும்பப் படிங்க" என்றேன். மனுஷன் சலித்துக்கொள்ளாமல் படித்தார். பிறகு அவருக்கே பசி வந்து எழுந்துபோய்விட்டார்.

கண் மஞ்சள் இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிக்கிறது. அதை விடு. நீ உன் ஈரலை நீயே பதமாகத் தயார் பண்ணுகிறாய் என்று நேற்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று முழித்தார்.

எலுமிச்சையின் தோலை மெல்லிசாகச் சீவிப் போட்டுப் பார். வெள்ளைப் பகுதி வராமல் சீவு, கசக்கும். வெறும் கறி என்று நினைத்துச் சலிக்காமல், பக்கத்தில் மொறுமொறுப்பாக ஏதாவது வை. வெள்ளரிக்காயை வினிகரில் போட்டு வைத்தால் நன்றாக இருக்கும். வாய்க்குச் சத்தம் வேண்டும், அப்போதுதான் சாப்பிட்ட திருப்தி.

ஒரே வீட்டில் இரண்டு சமையல் என்கிறாய். எனக்குப் புரியவில்லை. அல்லது புரிகிறது. போன வாரம் அவளைப் போனில் கூப்பிட்டேன். "நல்லாருக்கீங்களா அண்ணி" என்று கேட்டாள், "கடையில ஆள் நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டாள். என்ன நடக்கிறது அங்கே?

அக்கா

*

மார்ச் 24

அக்கா, அக்கா, அக்கா,

தேறிவிட்டேன். டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "போன தடவை வந்தது நீங்கதானா?" என்றார். "நான்தான் டாக்டர், மிச்சத்தைக் கோழி தின்னுடுச்சு" என்றேன். கொழுப்பு போய்விட்டதாம், ஈரலில் ஒரு பகுதியை எடுக்கலாமாம். ஏப்ரல் கடைசி வாரத்தில் தேதி தருகிறார்களாம். உணவு ஆலோசகர் அம்மா என் குடைமிளகாய்ப் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார், மற்ற நோயாளிகளுக்குச் சொல்வதற்காக. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நான் இறங்கி வரவில்லை, ஓடிவந்தேன். வழியில் ஒரு நர்ஸ் அதட்டினார். "எங்க அக்காவுக்கு லிவர் கிடைச்சிடுச்சு" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

"மனைவிக்குச் சம்மதம்தானே? அவங்க கையெழுத்தும் வேணும்" என்று அங்கே கேட்டார்கள். சம்மதம் என்றேன். அது பொய்யில்லை, அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நேற்றுத் தேதியைப் பற்றிச் சொன்னதும், "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தாள். தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தாள்.

நீ கவலைப்படாதே. எல்லாம் சரியாகிவிடும்.

உன் தம்பி

*

மார்ச் 30

தம்பி,

நான் இப்போது வார்டில் இருக்கிறேன். ஜன்னலோரப் படுக்கை கிடைத்திருக்கிறது. நர்ஸ் வருவதற்குள் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ தேறியதைக் கேட்டு அத்தான் வராந்தாவில் போய் நின்று அழுதார். எனக்கும் உள்ளுக்குள் துள்ளியது, மறைக்கவில்லை. எனக்கு வாழ ஆசை இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ரத்தம் பொருந்துமா என்று டாக்டரைக் கேட்டாய். எப்படிச் சமைப்பது என்று என்னைக் கேட்டாய். எந்தத் துண்டு நல்லது என்று கோழிக்கடைக்காரரைக்கூடக் கேட்டிருப்பாய். அவளைக் கேட்டாயா? சொன்னாய், அது தெரிகிறது. கேட்டாயா?

அவள் மனசில்லாமல் வருகிற ஈரல் எனக்கு வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு நான் எத்தனை வருஷம் வாழ்ந்து என்ன?

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

கேட்டேன். "இப்பத்தான் கேட்கணும்னு தோணுச்சா?" என்றாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

நேற்று நெஞ்சுக்கறியை எடுத்து வெளியே வைத்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன், திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். இத்தனை நாளில் முதல்முறையாகச் சமைக்கக் கை எழவில்லை.

நீ மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே. அதை மட்டும் சொல்லாதே.

தம்பி

*

ஏப்ரல் 12

என் தம்பிக்கு,

இன்று காலை கண் விழித்தால் உன் மனைவி படுக்கையருகே நிற்கிறாள். கடைக்குப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை.

"அண்ணி, நான் சண்டை போட வந்திருக்கேன்" என்றாள்.

"போடு. எனக்கும் இங்க பொழுது போகலை" என்றேன்.

உடனே அவள் முகம் கோணிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, என் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்கு முடியலைன்னு போன் வந்தப்ப நானும்தான் அழுதேன். அன்னிக்கே அவர் 'நான் தர்றேன்'னு சொல்லிட்டார். நல்ல மனசுன்னு எல்லாரும் சொல்றாங்க. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. கடையில தினமும் ஆபரேஷன் ஆனவங்க சீட்டைக் கொண்டுவந்து நிக்கிறாங்க. சில பேர் அடுத்த மாசம் வர்றதில்லை. அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்கிறவ நான்."

"நீ வேணாம்னு சொன்னா வேணாம்மா. நிஜமாத்தான் சொல்றேன்."

"வேணாம்னு சொல்ல வரலை அண்ணி. பயமா இருக்குன்னு சொல்ல வந்தேன். அதைச் சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும்ல. அவர்கிட்ட சொன்னா உங்க உயிருக்குக் குறுக்க நிக்கிற மாதிரி ஆயிடும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கை மஞ்சளாக இருந்தது, அவள் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தானை அழைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனாள். எவ்வளவு எடுப்பீர்கள், எப்போது வளரும், எப்போது நடப்பார், என்ன தப்பு நடக்கலாம், நடந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒன்று விடாமல் கேட்டாளாம். "இதுல ஒரு கேள்வியைக்கூட உங்க வீட்டுக்காரர் கேட்கலையே" என்றாராம் டாக்டர். திரும்பி வந்து, "கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணி. ஆனா டாக்டர் சொல்ற வரைக்கும் அவர் கிரேன் ஏறமாட்டார். ஏணியில கால் வச்சா காலை உடைப்பேன்" என்றாள். நான் சாட்சி.

பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அவளே செய்தது. ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, மிளகு நுணுக்கிப் போட்டு, உப்பே இல்லாமல். நர்ஸிடம் கேட்டுவிட்டு நாரைப் பார்த்துக் குறுக்காகத்தான் நறுக்கிக் கொடுத்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டேன், தம்பி. நாக்கில் ஏறியது. புளிப்பு, காரம், கொஞ்சம் தித்திப்பு, எல்லாம் தனித்தனியாக ஏறியது. இரண்டு மாதமாக நீ எழுதியெழுதிக் காட்டிய ருசி எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது, கோபித்துக்கொள்ளாதே. எங்கே கற்றாய் என்று அவளைக் கேட்டேன். நீ வேலைக்குப் போனதும் தினமும் உன் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்று பார்ப்பாளாம். "நல்லா இருந்துச்சுன்னு சொல்லத்தான் வாய் வரலை" என்றாள்.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை என் கட்டிலில் வைத்திருக்கிறாள். எழுப்ப மனசு வரவில்லை, அவள் திரும்பிப் போவதாகச் சொன்ன பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் அத்தான் ஏற்றிவிடுவார். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

வந்து நிற்கும்போது பசியோடு இருப்பாள். கொண்டுவந்ததை எல்லாம் எனக்கே கொடுத்துவிட்டாள். முதலில் அவளுக்கு ஏதாவது செய்துகொடு, பிறகு இதைப் பிரி. நீ பிரித்துவிட்டிருப்பாய், தெரியும். அப்படியானால் இந்த வரியோடு மடித்து வைத்துவிட்டு, போ, அடுப்பைப் பற்றவை.

உன் அக்கா