கஞ்சி என்று அந்தத் தாளில் இல்லை

கிண்ணியா
வியாழன் தொடங்கி ஞாயிறு வரை எழுதியது

மகள் ரிஸ்லாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீயும் மருமகன் சரீப்பும் அங்கே கட்டாரில் சுகமாக இருப்பீர்கள் என்று எழுத வேண்டிய இடம் இது. நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதமாட்டேன். முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் போகப் போகக் கீழே சரிகின்றன, சில எழுத்து ஆமை அளவு, சில எழுத்து நெத்தலி அளவு. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் பழகியதோடு சரி, பள்ளிக்கூடம் போகாதவன் நான், கண் வலப்பக்கம் இருந்து தொடங்கியே பழகிவிட்டது, அதை இடப்பக்கம் கொண்டுவருவதற்குள் கழுத்து வலிக்கிறது. ஆனால் ஒரு எழுத்தும் வேறு ஆள் போட்டதில்லை. எழுபத்திரண்டு வயதில் இது என் முதல் கடிதம். உன்னைச் சந்தோசப்படுத்தும் ஒரு கடிதம் எழுதத்தான் ஏழு மாதம் படித்தேன், நீ விடவில்லை.

போனில் சொன்னால் என்ன என்று உம்மா கேட்டார். போனில் நான் குரலை உயர்த்தினால் நீ, வாப்பா கவரேஜ் இல்ல, பிறகு எடுக்கிறன் என்று வெட்டுவாய். கடிதத்தை வெட்ட ஏலாது, கடைசி வரி வரைக்கும் நீ இருந்து கேட்கத்தான் வேண்டும். போன செவ்வாய்க்கிழமை சரீப் எடுத்தார். மாமா, ரிஸ்லா படியில மயங்கி விழுந்திட்டா, ஆஸ்பத்திரியில இரத்தம் பார்த்தாங்க, உடம்புல சத்தே இல்லையாம், சீப்பு வச்சா முடி கொத்துக் கொத்தா வருது, உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டு அவ சத்தியம் வாங்கினவ என்றார். அப்பிடி என்ன தம்பி சாப்பிடுறா என்று கேட்டேன். காலையில அரைக் கோப்பை கஞ்சி, பின்னேரம் பிளேன்டீயில தோய்ச்ச ரஸ்க், கேட்டால் டொக்டர் சொன்ன பத்தியம் எண்டுறா என்றார். ஏழு மாதமாக, வெள்ளிக்குவெள்ளி நான் கேட்கிறேன், நீ நல்லா இரிக்கன் வாப்பா, நல்லா மெலிஞ்சிட்டன் என்கிறாய். மெலிவதற்குத்தான் கொழும்பில் ஒப்பரேசன் செய்து வயிற்றைச் சின்னதாக்கினாய், படியில் விழுவதற்கு இல்லை. உன் புருசனுக்கும் என் கோபத்தைச் சொல். ஏழு மாதம் ஒரே வீட்டில் இருந்து ரஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவரை நல்ல மனிதன் என்று நான்தான் தேடிப் பிடித்தேன்.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து அலுமாரியைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் தந்த தாள், நீ போகும்போது விட்டுப்போனது, உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களோடு நாலாக மடிந்து கிடந்தது. ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கம் எனக்கு இரண்டு நாள் எடுத்தது. இந்த ஏழு மாதத்தில் நான் எவ்வளவோ வாசித்துவிட்டேன் மகள், பஸ்ஸில் திருகோணமலைக்குப் போகும்போது ஒரு பலகையையும் விடுவதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பி வேறு சீற்றுக்குப் போகிறார்கள். துறைமுகப் பக்கத்து மீன் கடையில் என் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறதே, அதில் என்ன இருக்கிறது தெரியுமா? தரையில் மீன் பரப்ப வேண்டாம். பதினொரு வருடம் அதற்கு நேர் கீழேதான் நான் தரையில் மீன் பரப்பினேன். இப்படி எல்லாம் வாசித்தவனுக்கு உன் தாளில் ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் வந்தது. புரதம். எழுத்துப் படிக்கிற வகுப்பில் நஜ்முன் நிஸா டீச்சரிடம் காட்டினேன். என்ன காக்கா, அம்பது வருசமா கூறு போட்டு வித்தீங்களே, அதுக்குள்ள இரிக்கிறது என்ன எண்டு நினச்சீங்க என்று சிரித்தார், வகுப்பே சிரித்தது. மீனில், முட்டையில், கோழியில், பாலில், பருப்பில் இருப்பதாம். சதையும் முடியும் அதால்தான் நிற்கிறதாம். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் இந்தத் தாளை நீ எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாய்.

நடு அறைக் கதிரையில் இருந்து வாசித்தாய், எனக்கு நன்றாக ஞாபகம். கஞ்சி குடிக்க வேணும், சவ்வரிசி குடிக்க வேணும், மீன் முட்டை இறைச்சி ஒரு வருசத்துக்குக் கூடாது என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தாய். நான் இப்போது அந்தத் தாளை நாலு தடவை வாசித்துவிட்டேன், கஞ்சி என்ற சொல்லே அதில் இல்லை. மூன்றாம் கிழமையில் இருந்து மசித்த மீன், அவித்த முட்டை என்று இருக்கிறது. ஒரு நாளைக்கு அறுபது கிராமுக்குக் குறையாமல் புரதம் என்று இருக்கிறது. எந்தச் சாப்பாட்டிலும் முதலில் அதைச் சாப்பிடு, பிறகு மரக்கறி, வயிற்றில் இடம் இருந்தால்தான் சோறு என்று இருக்கிறது. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று இருக்கிறது, அதற்கும் நீ போகவில்லை. நீ ஒரு மாதம் இங்கே கிடந்தாய், நான் தினமும் நல்ல பாரை மீன் கொண்டுவந்தேன், நாங்கள் குசினியில் இருந்து சாப்பிட்டோம், உனக்குக் கஞ்சி தந்தோம். எழுத்துத் தெரியாத தகப்பனுக்குத் தாளில் இல்லாததை வாசித்துக் காட்டிய பிள்ளை நீ. தராசுத் தட்டில் விரல் வைக்கிறவனோடு நான் பிறகு பேசுவதில்லை, உனக்குத் தெரியும். நீ வைத்தது விரல் இல்லை, முழங்கை.

சரி, திட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், சாப்பாட்டைக் கேள். டீச்சரோடு இருந்து பார்த்தோம். ஒரு முட்டையில் ஆறு கிராம். சமைத்த சூரை மீன் நூறு கிராமில் இருபத்தைந்து. உன் கஞ்சிக் கோப்பையில் இரண்டோ மூன்றோ. ரஸ்க்கைப் பற்றி எழுதி மையை வீணாக்கமாட்டேன். கிராம் என்றால் முழிக்காதே, இரண்டு விரல் அகலத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினால் ஐம்பது கிராம் இருக்கும், என் கை பிழைக்காது. அங்கே ஹமூர் என்று விற்பது நம் கலவாய் மீன்தான், சரீப் படம் அனுப்பினார். அதை முள் எடுத்து, தேங்காய்ப் பாலில் மெத்தென்று அவித்து, ஒரே முறையில் விழுங்காமல் ஐந்து நேரமாகப் பிரித்துச் சாப்பிடு, வாயில் கூழாகும் வரைக்கும் மென்று விழுங்கு, நெஞ்சு அடைத்தால் நிறுத்து. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, அரை மணித்தியாலம் கழித்துக் குடி. இடையில் தயிர், அவித்த பருப்பு. இறைச்சி வாசம் குமட்டுகிறது என்றாயாம், இறைச்சியை விடு, மீன்காரன் மகளுக்கு மீனும் குமட்டுமா? ஆஸ்பத்திரியில் உணவு சொல்லித் தருகிற ஆளிடம் சரீப்பைக் கூட்டிக்கொண்டு போ, நான் சொல்வதில் பிழை இருந்தால் அவர் திருத்தட்டும்.

அடுத்த வளவு இஹ்ஸான் பதினாலாம் திகதி கட்டார் வருகிறார். அவரிடம் கொடுக்க உம்மா ஒரு வாளி தொதல் கிண்டி வைத்திருந்தார். புள்ள விழுந்திட்டாளாம், இனிப்பாச்சும் தின்னட்டும் என்றார். வாளியைத் தூக்கிப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டேன், மூன்று நாளாக உம்மா எனக்கு மூஞ்சி காட்டவில்லை. அதற்குப் பதிலாக மாசிக் கருவாடு இடித்த தூளும் வறுத்த பாசிப்பயற்றம் மாவும் வருகின்றன. மாசித் தூளில் உப்பு அதிகம், ஒரு சின்னக் கரண்டி பருப்புக்குள் போடு, கூடப் போடாதே.

இது வரைக்கும் வியாழனும் வெள்ளியும் எழுதினேன். சனிக்கிழமை காலை உம்மாவை இருத்தி முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கோபமாக இருந்தவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எழுதியதை நானே வாசிக்கிறேன், எனக்கு அந்தச் சந்தோசம் தாங்கவில்லை, எப்பிடி இரிக்கு சுஹைரா என்று கேட்டேன். நல்லாத்தான் இரிக்கு, ஒண்டை விட்டுட்டீங்க, அவ வாசிக்கிறதுக்கு முந்தி நீங்க வாசிச்சீங்களே, அதையும் எழுதுங்க என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். அன்று முழுவதும் நான் பேனையைத் தொடவில்லை.

இன்று ஞாயிறு. எழுதுகிறேன். நீ தாள் வாசித்த அன்று உன்னைப் பார்க்க உன் மாமி, சரீப்பின் உம்மா, தன் ஆட்களோடு வந்திருந்தார். ஒப்பரேசன் செய்தவருக்கு மீன் கொடுத்தால் கிரந்தி, காயம் சீழ் வைக்கும் என்று நான்தான் தொடங்கினேன், என் தம்பி கணவாய் தின்று காயம் புழுத்த கதையையும் சொன்னேன். டொக்டர் என்ன எழுதியிருக்கார் என்று மாமி கேட்டார். மருமகளின் தகப்பன் எழுத்துத் தெரியாதவன் என்று அவர்கள் முன்னால் ஆகக் கூடாது என்று நினைத்தேன். தாளை எடுத்தேன், விரல் வைத்தேன், கஞ்சி குடிக்க வேணும், சவ்வரிசி குடிக்க வேணும் எண்டுதான் எழுதியிரிக்கு, மீன் முட்டை இறைச்சி ஒரு வருசத்துக்குக் கூடாது என்று வாசித்தேன். பிறகுதான் உன்னிடம் தந்து, நீயும் வாசி மகள் என்றேன். நீ தாளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். என் விரல் வலப்பக்கம் இருந்து இடப்பக்கம் போனதை அந்த அறையில் நீ ஒருத்திதான் கண்டிருக்கிறாய். பிறகு நான் சொன்னதையே நீ சொல்லுக்குச் சொல் வாசித்தாய்.

நீ கட்டார் போய் அடுத்த கிழமை நான் வகுப்பில் சேர்ந்தேன். ஏன் இந்த வயசில என்று கேட்டவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று சொன்னேன். ஆனால் நீ அதோடு விட்டிருக்கலாமே! மாமி போன பிறகு, வாப்பா அது பிழை என்று என் காதில் சொல்ல உனக்கு வாய் இல்லையா? வெள்ளிக்குவெள்ளி நான் போனில் கேட்டது என்ன? மீன் தொடல்லையே மகள்? தொடல்ல வாப்பா. அது ஒன்றுதான் நீ எனக்குச் சொன்ன உண்மை. எனக்கு வெட்கம் வரக் கூடாது என்று உன் தலைமுடியைக் கொடுத்திருக்கிறாய். இப்படி ஒரு மரியாதையை உன்னிடம் யார் கேட்டது? இதற்கு உன் மேல் வருகிற கோபம், பொய் சொன்னாய் என்று நினைத்தபோது வந்ததைவிடப் பெரியது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதுகிறேன். வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டு. மாமி வந்தாலும் கழற்றாதே, அவரையும் வாசிக்கச் சொல்.

ரிஸ்லா மீன் சாப்பிட வேண்டும். முட்டையும் சாப்பிட வேண்டும்.
நான் வாசித்தது பிழை. இப்போது சரியாக வாசித்துவிட்டேன். வாப்பா.

அல்லாஹ் உனக்கு உடம்பில் பலத்தையும் உன் முடியையும் திருப்பித் தரட்டும், உன்னையும் சரீப்பையும் நெடுங்காலம் சேர்த்து வைக்கட்டும். இரத்தம் சோதித்த தாள் வந்ததும் எனக்கு அனுப்பு, படம் எடுத்து அனுப்பு, நீ வாசித்துக் காட்ட வேண்டாம். என் கோபம் இன்னும் பாதி மிச்சம், இந்தக் கொப்பியில் தாளும் மிச்சம், வருகிற கிழமை அதையும் எழுதி அனுப்புவேன், அதற்குள் மீன் தின்ன ஆரம்பித்திரு.

இப்படிக்கு,
கோபத்தோடு உன் வாப்பா,
அ. ஜமால்தீன் (என் கையெழுத்து, கைநாட்டு இல்லை)