முக்காடு போட்ட காசு

மார்ச் 4
அப்பாவின் பழைய ரோமானியக் காசு, மேலே இறுகிய மண் இளகுவதற்காக இன்னும் டப்பாவில் ஊறிக்கொண்டிருக்கிறது. இன்றும் தண்ணீர் மாற்றினேன். பேட்டரிக்கடைக்காரர், "வண்டியே இல்லாம இவ்வளவு டிஸ்டில்டு வாட்டர் எதுக்கும்மா?" என்கிறார். ரோமாபுரி ராஜாக்களைக் குளிப்பாட்ட என்று சொன்னால் நம்பவா போகிறார்.

மார்ச் 9
டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, "இனிமே அவருக்குப் பிடிச்சதைக் கொடுங்க" என்றார். அப்பாவுக்குப் பிடித்தது இந்தப் பாழாய்ப்போன வெண்கலக் காசுகள்தான். பார்வை போன பிறகும் விடவில்லை. கட்டைவிரலால் தடவியே ராஜா தலையில் கதிர்க் கிரீடமா, இலைக் கிரீடமா என்று சொல்லிவிடுவார்.
வெளியூரில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டு வரச் சொன்னேன். "அடுத்த வாரம் பாக்கறேன்க்கா." எப்போதும் அதே அடுத்த வாரம்.

மார்ச் 15
காசை வெளியே எடுத்தோம். சட்டைப் பொத்தான் அளவுதான். அப்பா தடவினார். "தலையில துணி இருக்கு. பொம்பளை. ஏதோ ராணி. யாருன்னு நீதான் படிச்சுச் சொல்லணும்." அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.
பல்குச்சியால் மண்ணை எடுத்தேன். "சுரண்டிடாத. மேல படிஞ்ச பச்சை போனா முகமும் போயிடும்" என்றார்.

மார்ச் 18
எழுத்து தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.
ராணி இல்லை. ரோமாபுரி ராஜா கான்ஸ்டன்டைன். பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து — இறந்து தெய்வமானவர் என்று அர்த்தமாம். முக்காடும் அதற்குத்தான். பின்பக்கம் நாலு குதிரைத் தேரில் மேலே போகிறார், வானத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. அவர் போன பிறகு பிள்ளைகள் அடித்த காசு.
இதை எப்படிப் போய்ச் சொல்றது? அவர்கிட்ட? இதுக்கா இத்தனை நாள் தண்ணி மாத்தினேன்?

மார்ச் 19
"ராணி ஹெலெனா, அப்பா. ராஜாவோட அம்மா" என்று சொல்லிவிட்டேன்.
அப்பா காசைத் திருப்பி, பின்பக்கத்தை நகத்தால் மெதுவாக வருடினார்.
"ராணிக்கு எதுக்கும்மா தேரு?"
நான் தண்ணீர் டப்பாவை எடுத்து மூடினேன்.
"பசங்க அடிச்ச காசு. நல்லாத்தான் அடிச்சிருக்காங்க" என்றார். என் கையில் வைத்து மூடினார். "இது தம்பிக்கு."
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 20
தம்பியிடம் கத்தினேன். டிக்கெட் பார்க்கிறானாம்.

மார்ச் 24
அப்பா போய்விட்டார். தம்பி வழியில் இருக்கிறான்.

ஏப்ரல் 6
தம்பி ஊருக்குக் கிளம்பினான். டாக்ஸி வந்த பிறகுதான் காசைக் கொடுக்கத் தைரியம் வந்தது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "யாருக்கா இது? பொம்பளையா?"
"இல்லடா. ஒரு அப்பா. அவர் போனப்புறம் பிள்ளைங்க அடிச்சது."
"போனப்புறமா?" என்றான்.
காசை இறுக மூடிக்கொண்டு பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான். வாசலில் ஹாரன் அடித்தது. நான்தான் போய்க் கொஞ்சம் நிற்கச் சொன்னேன்.