வர வேண்டிய ரீடிங்

அன்புக் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். அடுத்த வரியில் இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுத வேண்டும், எத்தனை தடவை எழுதியிருப்பேன், இன்றைக்கு அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. பதறாதே, அப்பா கூடத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கடைசி வரை படித்து முடிக்காமல் வீட்டுக்குப் போன் பண்ணிவிடாதே. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று சிரிக்காதே, சமையல் மேடையில் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்பார் என்பதற்காகக் குக்கரை ஏற்றி வைத்திருக்கிறேன், அதில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது.

இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுவார்கள் என்று நினைப்பாய். வீட்டில் இருக்கிற ஒரே போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது, குளிக்கப் போனாலும் கூடவே போகிறது. போன வாரம் மருந்துக்கடைக்காரர் போனிலிருந்து உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, ஆய்வுக்கூடத்தில் யாராவது மூச்சை அளக்கிற முகமூடியை மாட்டிக்கொண்டு ட்ரெட்மில்லில் ஓடும்போது நீ போனை அணைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியாதா, அப்புறம் தெரியாத நம்பர் என்று விட்டிருப்பாய். அன்று சாயங்காலமே வழக்கம்போல வீட்டுக்குக் கூப்பிட்டாய். அப்பா எடுத்தார். நம்பர் என்னப்பா என்று கேட்டாய், பதினொன்று என்றார், சூப்பர் என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் அரை முழ தூரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அதனால்தான் இந்தக் காகிதம். மருந்துக்கடைக்காரர் மகள் உன் ஊருக்கே வேலைக்கு வருகிறாள், வியாழக்கிழமை விமானம், சனிக்கிழமை உன் வீட்டு வாசலிலேயே வந்து கொடுத்துவிடுகிறேன் ஆன்ட்டி என்று சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமைக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

கண்ணு, அந்தப் பதினொன்று பொய். ஒருநாள் பொய் இல்லை, ஏழு வாரமாகப் பொய்.

நீ ஒட்டச் சொன்ன அட்டை இதோ என் கண்ணெதிரே சமையலறைக் கதவில் இருக்கிறது. ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, பதினொன்று என்றால் லேசான சிரமம், இருபது என்றால் இனி ஓர் அடி வைக்க முடியாது. அதை ஒட்டிய அன்று, ஒன்றிலிருந்து ஐந்து வரை யார் தின்றுவிட்டார்கள் என்று அப்பா கிண்டல் பண்ணினார், நீ சிரித்துவிட்டு, பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வரும், அதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினாய். வயதானவர்களுக்குக் கையில் கட்டும் கருவி எதுவும் வேண்டாம், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லும் எண்ணே போதும், அதை வைத்தே வீட்டில் பயிற்சி கொடுத்துவிடலாம் என்று நிரூபிப்பதுதான் உன் ஆராய்ச்சி, அதற்கு வெள்ளோட்டமாக முதல் ஆள் நான்தான் என்று அப்பா தானாக வந்து நின்றார். எண் ஏறாமல் அப்படியே இருந்தால் உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம், அடுத்த கட்டத்துக்குப் போகலாம், இதுதானே உன் கணக்கு. அவர் பதினொன்று என்கிறார், நீ ஒரு கட்டம் ஏற்றுகிறாய். மறுபடியும் பதினொன்று என்கிறார், மறுபடியும் ஏற்றுகிறாய். பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர் இப்போது நம் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி இறங்குகிறார், ஒரே மூச்சில் என்று அவர்தான் சொல்கிறார். வருகிற திங்கட்கிழமையிலிருந்து இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்று நீ அனுப்பியிருக்கிறாய். பாட்டில்களை நிரப்பித் தயாராகக் கதவோரம் வைத்திருக்கிறார்.

நான் இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். பேசுகிறவர் படியேறி வந்து பேசுகிறாரா, அழுதுவிட்டுப் பேசுகிறாரா என்று முதல் சொல்லிலேயே சொல்லிவிடுவேன். அப்பா காலையில் பேப்பர் தலைப்பை எனக்குச் சத்தமாக வாசிப்பாரே, முன்பெல்லாம் மூன்று வரியை மூச்சு விடாமல் வாசிப்பார், இப்போது ஒரு வரிக்கே இரண்டு இடத்தில் நிற்கிறார். ஒருநாள் படியேறி வந்தவர் கையை விளையாட்டாகப் பிடிப்பதுபோலப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நூற்றுப்பத்து இருக்க வேண்டிய இடத்தில் நூற்று ஐம்பதைத் தாண்டிப் போனது, அதுவும் ஒழுங்காக இல்லை, ஓடுகிறது, நிற்கிறது, தாவுகிறது. என்ன பார்க்கிறாய், நர்ஸ் வேலைக்குப் போகப் போகிறாயா என்று கையை உருவிக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை, மருந்துக்கடையிலிருந்து உன்னைக் கூப்பிட்ட மறுநாளே, இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்துவிட்டார். கீழ்வீட்டுத் தையல்காரி கத்தியதைக் கேட்டு ஓடினேன். உதடெல்லாம் கறுத்து, சட்டை முழுக்க நனைந்து, சுவரோடு சரிந்து கிடந்தார், கொஞ்ச நேரம் கூப்பிடக் கூப்பிடப் பேச்சில்லை. கண் திறந்ததும் தண்ணீர் கேட்கவில்லை, என்னைத் தேடவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பையன்கிட்ட வாயைத் திறக்க மாட்டேன்னு அவன் மேல சத்தியம் பண்ணு" என்றார். அவர் பேச்சை நிறுத்தினால் போதும் என்று இருந்தது எனக்கு, பண்ணிவிட்டேன். பிள்ளை மேல் செய்த சத்தியம். அதை நினைத்து நினைத்து இத்தனை நாளாகச் சோறு இறங்கவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு யோசித்தேன், வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன், பேனாவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. இப்படி வக்கீல் மாதிரி ஓட்டை தேடும் நிலைமைக்கு வந்துவிட்டாள் உன் அம்மா.

மருந்துக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இது விளையாட்டு இல்லை என்று கடிந்துகொண்டார். அப்பாவிடம் கெஞ்சினேன், அழுதேன், சாப்பாடு போட மாட்டேன் என்று கூட மிரட்டினேன், அவரே எழுந்து போட்டுச் சாப்பிட்டார். டாக்டர் பார்த்தால் படியேறக் கூடாது என்பார், படியேறாவிட்டால் பையன் இந்த எண்களை வைத்து வரைகிற கோடு அறுந்துவிடும், இன்னும் ஐந்து வாரம்தான், முடிந்ததும் எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் வருகிறேன் என்கிறார். ஐந்து வாரம் தாங்குமா என்று நான் யாரைக் கேட்பேன், சொல்.

ஏன் இப்படிச் செய்கிறார் என்று உனக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. அப்புறம் அவர் வேலை நினைவுக்கு வந்தது. முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பிராக்டிகல் பரீட்சையன்று கண்ணாடிக் குழாயைப் பார்த்து விழித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைக் கண்டால் மனசு கேட்காது அவருக்கு. தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைக்கிற சாக்கில் மேஜையில் விரலால் தட்டுவார், பதினெட்டு தட்டு, கொஞ்சம் விட்டு இரண்டு தட்டு, பதினெட்டு புள்ளி இரண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் வர வேண்டிய ரீடிங். உனக்கு என்ன வந்தது என்று பார்க்காதே, என்ன வர வேண்டுமோ அதை எழுது, பாஸாகிவிடுவாய். எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றிய மனிதர். இப்போது உனக்கும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறார். உனக்கு என்ன ரீடிங் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அதை நாள் தவறாமல் தட்டிக்கொண்டிருக்கிறார்.

நீ ஆராய்ச்சிக் கூட்டத்தில் பேசிய வீடியோவை அனுப்பினாயே, அதில் அப்பாவின் எண்களை வைத்து வரைந்த கோட்டைப் பெரிய திரையில் காட்டி, எனக்குத் தெரிந்ததிலேயே மிக நேர்மையான ஆள் இவர்தான், என் அப்பா என்று சொல்லி எல்லோரும் கைதட்டினார்களே, அதை அவர் எத்தனை தடவை பார்த்தார் என்று எனக்குக் கணக்கில்லை. முடிவெட்டுகிறவர் முதல் பள்ளிக்கூட வாட்ச்மேன் வரை காட்டிவிட்டார். உன் மாமா, ஓடுவதைப் படிக்க டாக்டர் பட்டமா, டிரில் மாஸ்டர் ஆகத்தானே போகிறான் என்று அன்றைக்குக் கேட்டதை மனதிலேயே வைத்திருந்து, அவர் வீட்டுக்கே போய்க் காட்டிவிட்டு வந்தார். இந்த ஆராய்ச்சி வெளிவந்தால்தான் உனக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடியும் இரண்டு வருஷம், ஒரு வருஷம் என்று ஊர் ஊராகப் பெட்டி தூக்க வேண்டும் என்று நீ ஒருநாள் களைப்பில் சொன்னாய். நீ மறந்திருப்பாய். அவர் மறக்கவில்லை.

என்னையும் சும்மா விடாதே. நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதியது நான்தானே, அவர் அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதோடு சரி. முதல் வாரம் அவர் சொன்னதை நம்பி எழுதினேன். அப்புறம் தெரிந்தும் எழுதினேன், நீ சூப்பர் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எண்ணை எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் ஒன்று செய்தேன். படியில் அவர் எத்தனை இடத்தில் நின்றாரோ அத்தனை பென்சில் புள்ளியைப் பக்கத்தின் மூலையில் வைத்தேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காதால் கேட்டு வைத்த புள்ளி. படத்தில் உனக்கு அழுக்கு மாதிரி தெரிந்திருக்கும். நோட்டை இதோடு வைத்து அனுப்புகிறேன். மூன்றாம் வாரம் ஒரு புள்ளி, ஐந்தாம் வாரம் மூன்று, விழுந்த அன்று நான் புள்ளி வைக்கவில்லை.

உன் சோற்றில் நானே மண்ணைப் போடுகிறேன் என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்லும் எண்ணே போதும் என்று நீ சொல்கிறாய், உன் முதல் ஆளே வாயால் பொய் சொல்லியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு நீ அந்த மேடையில் எப்படி நிற்பாய், எனக்கு விளங்கவில்லை, மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. ஆனால் உன் பிராக்டிகல் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா. அப்பா உன் மேஜையிலும் வந்து தட்டினார். நீ தலையைத் தூக்கவே இல்லை, உன் குழாயில் வந்ததை எழுதிவிட்டு வந்தாய், மார்க் போனது, வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. இத்தனை வருஷத்தில் வந்ததை எழுதினவன் நம்ம பையன் ஒருத்தன்தான் என்று மூன்றாம் நாள் என்னிடம் மெல்லச் சொன்னார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பையன்தான் எனக்கு இப்போது வேண்டும்.

அதனால் இதைப் படித்ததும் கூப்பிடு. நம்பர் கேட்காதே கண்ணு, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நம்பர் மட்டும் கேட்காதே. அப்பா எப்படி இருக்கீங்க என்று கேள், கேட்டுவிட்டுச் சும்மா இரு, எவ்வளவு நேரம் ஆனாலும் வைக்காதே, அந்த மூச்சு உனக்கே கேட்கும், மூச்சைப் படித்தவன் நீ. அப்புறம் ஆராய்ச்சி முடிந்தது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நீ சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார், டாக்டர் சொன்னால் கேட்க மாட்டார், உன் பேச்சுக்கு மட்டும்தான் நிற்பார், உன் பேச்சுக்குத்தான் ஏறிக்கொண்டும் இருக்கிறார். ஆராய்ச்சிக்கூடத்துச் சோபாவில் படுத்துத் தூங்காதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. வேலை போனாலும் வந்தாலும் நீ எங்களுக்குப் பிள்ளைதான், நூறு வயது நன்றாக இரு, நான் சத்தியத்தை மீறியதற்கு எது வந்தாலும் என் தலைக்கே வரட்டும், உன் பக்கம் அண்டாது.

முடிக்கப் போனேன், அவரே எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உன் அட்டைக்குப் பக்கத்தில். யாருக்கு என்று கேட்டார், பிள்ளைக்குத்தான் என்றேன், மறைக்கவில்லை. கண்ணாடி போடவில்லை, அவரால் படிக்க முடியாது. "நல்லா இருக்கேன்னு... எழுது. பதினொண்ணு... ன்னு எழுது" என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன் கண்ணு, பதினொன்று. கூடத்திலிருந்து கதவு வரை பத்தடி நடந்து வந்து, இதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினார், அதையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் மேல் வைத்த சத்தியத்தை மீறிய
அம்மா